ஒருமனதாக ஒரு சகோதரன்

மிளகு பறிக்கும் ஏணி ஒற்றை மூங்கில்தான் என்பது, கொல்லிமலைக்குப் படிக்க வந்த பிறகே எனக்குத் தெரியும், அய்யா. கணுவுக்குக் கணு கால் வைத்து ஏற வேண்டும். அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவன் மேலேதான்.

எங்கள் விடுதியின் 'சிகரச் சகோதரர் பேரவை'யில் ஐந்து மாணவர்கள். விதிகள் பதினொன்று, ரப்பர் முத்திரை இரண்டு. தலைவர் கலைமணி அண்ணன் கூட்டத்துக்குச் சால்வை போர்த்தி வருவார். மற்ற நாளில் அதில்தான் தலை துவட்டுவார். நான் செயலாளர்.

பேரவையில் சேராதவனோடு விடுதியில் யாரும் பேசக் கூடாது. இரண்டாம் விதி. முதலாண்டு அர்த்தனாரியோடு இரண்டு மாதம் யாரும் பேசவில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவனே எழுதிக் கொடுத்தான்.

சேர்க்கை எளிது. விண்ணப்பித்தவன் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறி உட்கார வேண்டும். ஏணியை எடுத்துவிட்டுக் கீழே கூட்டம் நடத்துவோம். ஐவரும் கை தூக்கினால் ஏணி திரும்பும். இடையில் அவன் வாய் திறந்தால் எல்லாம் முதலிலிருந்து. என்னை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

அர்த்தனாரி ஏறிய அன்று செம்மேட்டில் சந்தை, தோட்டத்தில் ஆளில்லை. தூறல். பத்தாவது நிமிடமே நான்கு கைகள் உயர்ந்துவிட்டன. எனக்கு அது அவசரமாகப் பட்டது, நான் மட்டும் தூக்கவில்லை.

"அண்ணா, ஓக்குக் கெளை பாரம் தாங்காதுங்க. எங்கூட்டுத் தோட்டத்துலயும் இதே மரந்தான். ஏணியக் கொண்டாங்க" என்றான்.

"பேசிட்டான். மொதல்ல இருந்து" என்றேன்.

"ஏனுங்க தலைவரே, நான் நனைஞ்சாப் பரவால்லீங்க. சால்வை சாயம் போயிருமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள், கலைமணி அண்ணனும். என் இரண்டு மணி நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து. மறுபடி நான்கு கைகள்.

"டேய் முருகானந்தா, கையத் தூக்கித் தொலைடா. வழுக்குது, விழுந்துருவான்" என்று கலைமணி அண்ணன் என்னை அதட்டினார்.

"நீங்க எழுதின விதிதானுங்கண்ணா."

அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். தன் விதியைத் தானே மீறினால் அப்புறம் என்ன தலைவர்?

அப்போது மேலே முறியும் சத்தம் கேட்டது. அர்த்தனாரி இரண்டு கைகளாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். பேசவில்லை. விதி அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏணி என் காலடியில் கிடந்தது. நான் கூட்டக் குறிப்பேட்டில் மணி பதினொன்று நாற்பது என்று எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து கோணக் கூடாதென்று மெதுவாக எழுதினேன்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பது செயலாளர் பொறுப்பு. அது நான் உட்கார்ந்த மரம். அந்தக் கிளை என் சேர்க்கையன்றே விரிசல் விட்டிருந்தது. இதை மற்றவர்கள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்களுக்குத் தெரியாது.

விழுந்தவனோடு ஆம்புலன்ஸில் நான்தான் போனேன். சேந்தமங்கலம் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் மலைப்பாதையின் கடைசி வளைவுக்கு முன்பே, மூச்சு இருக்கும்போதே, நான் கை தூக்கிவிட்டேன். ஐந்து கைகள். தீர்மானம் செல்லும். அவன் எங்கள் சகோதரனாகத்தான் இறந்தான், அய்யா. அவனைச் சேர்க்கவில்லை என்று மட்டும் என் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.