பாப்பாவுக்கு வந்த சூப்பு

இல்ல சிஸ்டர், நீங்க உக்காருங்க. டாக்டரம்மா அனுப்பி பாப்பாவைப் பாக்க வந்தீங்க, உங்களைக் காய் நறுக்க விட்டா நல்லாவா இருக்கும்? பரங்கிக்காய்த் தோலு வேற கல்லு மாதிரி இருக்கு. நான் சீவிக்கிட்டே பேசுறேன். எனக்கு ஆளைப் பாத்துப் பேச வராது, காயைப் பாத்துன்னா கொஞ்சம் வரும்.

பாப்பா உடம்புல இப்ப ஒரு தடிப்பு கூட இல்ல, நீங்களே பாத்தீங்களே. அன்னைக்குக் காய்ச்சலோட திட்டுத் திட்டா செவந்து, இமையெல்லாம் வீங்கி, யப்பா! டாக்டரம்மா சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. அஞ்சாவதோட நின்னவதான், ஆனாலும் புரிஞ்சுது. உடம்புக்குள்ள மாஸ்ட் செல்லுன்னு காவல்காரங்க இருக்காங்க, மடி நிறைய ஹிஸ்டமின்னு ஒரு சரக்கைக் கட்டி வச்சிருக்காங்க. வைரஸ் வந்ததும் சில சமயம் மிரண்டு போயி மடியை அவுத்துக் கொட்டிடுறாங்க. அதான் அரிப்பு, அதான் வீக்கம். சில பேருக்குச் சாப்பாடும் அதைக் கூட்டுமாம். பழசா வச்ச மீனு, தக்காளி, ஊறுகாய் எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேணாம், அப்பப்ப சமைச்சதைக் குடுன்னாங்க. சரியாத்தானே சொல்றேன்?

எனக்குப் புரிஞ்சு என்ன பண்றது? சூப்பு வைக்கிறது எங்க நாத்தனாரு.

ஐயோ, குறை சொல்லல சிஸ்டர். அவங்க வீட்டு மாடியிலதான நாங்க இருக்கோம். அவங்களுக்குப் பிள்ளை கிடையாது, பாப்பா மேல உசிரு. காய்ச்சல்னு கேட்டதும் பானை நிறைய மீனும் தக்காளியும் போட்டு அடுப்புல ஏத்திட்டாங்க. அதையே தினம் சுட வைப்பாங்க. சுட வைக்க வைக்கத்தான் சத்து உள்ள இறங்கும்னு போன்ல வந்துச்சாம். பானை குறையக் குறைய மேல புது மீனைப் போடுவாங்க. அடியில கிடக்கிறது எந்த வாரத்து மீனுன்னு அந்த மீனுக்கே தெரியாது.

சொல்லாம இருப்பேனா? சொன்னேன். என் குரல் அவங்க மிக்ஸி சத்தத்துல போயிடுச்சு. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, அக்கா மனசு நோகும், நீயே ஏதாவது சமாளின்னு செருப்பை மாட்டிக்கிட்டாரு.

கொட்டுறதா? எங்க கொட்டுறது? மாடித் தண்ணி அவங்க பின்வாசலை ஒட்டித்தான் ஓடும். தக்காளி செவப்பா மிதந்து போறதை அவங்க பாத்துட்டா, அப்புறம் நான்தான் மிதக்கணும்.

அதனால கிண்ணத்தை வாங்கிக்கிட்டு பேசாம மேல வந்துடுவேன். பாப்பாவுக்குக் குழைஞ்ச சோறும் பரங்கிக்காயும். கிண்ணம் காலியா கீழ போகும். அப்ப அவங்க முகத்தைப் பாக்கணுமே, அப்படி ஒரு பூரிப்பு!

இப்ப தெரு முழுக்க அதே பேச்சு. மருந்துக்குக் கேக்காதது என் சூப்புக்குக் கேட்டுச்சுன்னு நிக்க வச்சுச் சொல்றாங்க. நானும் பக்கத்துல நின்னு தலையாட்டுறேன், சாட்சி வேணுமில்ல. எதிர்வீட்டுப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சலாம். பானையைப் பெருசா மாத்தியாச்சு.

அப்ப சூப்பை யாரு குடிச்சாங்கன்னா கேக்குறீங்க? நல்லா கேட்டீங்க. நான்தான். வேற யாரு?

இந்த வெக்கையில எதுக்கு முழுக்கைன்னு பாக்குறீங்களா? அது சும்மா. பாப்பாவோட காய்ச்சல் எனக்கும் ஒட்டிக்கிச்சு, கையெல்லாம் திட்டு. என் காவல்காரங்களுக்கும் மிரள ஒரு சாக்கு கிடைச்சிருக்கும். கீழ மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தெரிஞ்சா எனக்குன்னு தனியா ஒரு பானை ஏறிடும்.

உதடா? காலையில இவ்வளவு வீக்கம் இல்லையே.

இதோ வரேன் அண்ணி! சூப்பு ஆறுதாம், கூப்பிடுறாங்க. கையை விடுங்க சிஸ்டர், வாங்கி வச்சிட்டு வந்துடுறேன். ஒண்ணுமில்ல, எச்சி முழுங்குறப்ப மட்டும் தொண்டைக்குள்ள கொஞ்சம்... வந்துட்டேன் அண்ணி, இதோ, படியிலதான்