கீழ் வீட்ல யாருமில்ல

இல்லக்கா, நீங்களே சொல்லுங்க. அவனவன் எனக்கு உசரமா வேணும், காத்து வேணும்னு அலையுற ஊர்ல, நான் ஒருத்திதான் ரெண்டாவது மாடியே வேணும்னு ஒத்தக் கால்ல நின்னு வாங்குனேன். வீடு காட்ட வந்த ஏஜண்ட் என்னைய ஏற எறங்கப் பார்த்தாரு. கொசு வரும் மேடம், வியூ இருக்காது மேடம்ன்னு அவரே சொல்றாரு, விக்கிற மனுசன். எனக்கு எதுக்குலா வியூ? எனக்குக் கீழ வீடு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இங்க கீழ வாய்ட் டெக், வீடே இல்லாத வெறும் தரைத்தளம். நாலு தூணு, ஒரு கல்லு மேசை. தூணு வந்து கதவத் தட்டப் போறதில்ல பாருங்க.

அட, பாயசத்த கையிலயே வச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, குடுங்க. பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்தவளுக்கு பாயசம் கொண்டாந்து குடுக்க இந்தக் காலத்துல யாரு இருக்கா... உள்ள வாங்களேன். சரி சரி, கீழ எறங்கணும்ங்குறீங்க, லிஃப்ட் வர்ற வரைக்கும் வாசல்லயே நில்லுங்க, ஒரு நிமிசந்தான்.

சோபா லிஃப்டுல போகல. எங்க வீட்டுக்காரரு வேய்ன்கிட்ட அளந்து பார்த்தியான்னு கேட்டா, "கண்ணால அளந்தேன்"ங்குறாரு. படியில தூக்கிட்டு வந்த பசங்க என்ன பாஷையில திட்டுனாங்களோ, நல்ல வேள எனக்குப் புரியல. ஃபாதர் வீட்ட மந்திரிக்க வந்தா, தீர்த்தம் தெளிக்கிறதுக்கு முன்னாடி ஃப்யூஸ் போயிருச்சு. இன்னைக்கு என்னடான்னா கீழ மலாய்க்காரங்க கல்யாணம், காலையிலேர்ந்து கொம்பாங் மேளம், மைக்கு, பாட்டு. போகட்டும், நல்ல காரியம். சத்தம் எனக்குப் பழக்கந்தான். முன்ன இருந்த தெம்பனிஸ் வீட்ல நான் பட்ட பாடு இருக்கே...

அங்க பதினோராவது மாடி. சாயந்தரம் புள்ளைங்கள சைல்ட்கேர்லேர்ந்து கூட்டியாந்து விடுவேன். ஓடும், குதிக்கும், புள்ளைங்கதான? உடனே கீழேர்ந்து டொக்கு டொக்குன்னு இடி. வெளக்குமாத்துக் கட்டையால கூரையில இடிக்கிறாங்கன்னு நெனச்சேன். தெனமும் அதே நேரம், அதே இடி. மனுசி எத்தனைய தாங்குவா? பாய் வாங்கி விரிச்சேன். சாக்ஸ் மாட்டி விட்டேன். நுனிக்கால்ல நடக்கப் பழக்குனேன். அதுக்கும் அடங்கலன்னு, கீழ ஒரு அங்கிள் இருக்காரு, சத்தம் போட்டா மேல வந்து புடிச்சிட்டுப் போயிருவாருன்னு சொல்லி வச்சேன். சொல்லாத அம்மா உண்டா, நீங்க சொல்லுங்க. நல்லா வேலை செஞ்சுச்சு லா. செலஸ்டினுக்கு ஆறு வயசு, ஆர்னால்டுக்கு நாலு. பொறந்தநாளுக்குக் கூட ஹேப்பி பர்த்டேய குசுகுசுன்னுதான் பாடுனோம்.

கீழ எறங்கிப் போயி கேட்டியான்னுதான கேக்குறீங்க? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது? அந்தக் கீழ் வீட்டு முனீரா லிஃப்டுல வந்தா, நான் புள்ளைங்கள இழுத்துக்கிட்டு படியில எறங்கிருவேன். பதினோரு மாடியும்.

வீடு மாறுற அன்னைக்கு லாரி வந்து நிக்கிது, அந்தம்மா மேல வந்துட்டாங்க. கையில ஒரு டப்பா நெத்திலி சம்பால், காரத் தொவையல். சரி, போற நேரத்துல நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டுறலாம்னு நான் வாயத் தொறக்குறேன். அவங்க முந்திக்கிட்டாங்க. மன்னிச்சிக்கங்கம்மா, கடைகளுக்கு சம்பால் போட்டுக் குடுக்குறேன், தெனமும் சாயந்தரம் கல்லு உரல்ல இடிக்கிற சத்தம் உங்களுக்கு எவ்வளவு தொந்தரவோன்னு கூச்சமா இருந்துச்சு, ஒரு நாள் கூட மொகம் சுளிக்கலையேங்குறாங்க. அப்பத்தான் என் பின்னாடி நிக்கிற ரெண்டையும் பார்த்தாங்க.

"இது யாரு புள்ளைங்க?"

எங்க புள்ளைங்கன்னேன். அந்தம்மா வாயில கை வச்சிட்டாங்க. "மேல சத்தமே கேக்காதே. புள்ள இல்லாத வீடுன்னு நெனச்சு, உங்களுக்கு ஒரு புள்ள பொறக்கணும்னு நானும் அவரும் துஆ கேட்டுக்கிட்டு இருக்கோம்மா"ன்னாங்க.

சிரிக்காதீங்கக்கா. வேய்ன் லாரியில உக்காந்து தெம்பனிஸ்லேர்ந்து இந்த ஜாலான் புசார் வர்ற வரைக்கும் சிரிச்சாரு. அந்த சம்பால இன்னும் தொறக்கல, எறங்காது.

சரி, வந்தாச்சு. ஓடுங்கடா, குதிங்கடா, கீழ யாருமே இல்லன்னேன். அதுங்க ஓடல. ரெண்டும் நுனிக்கால்லயே நடக்குதுங்க. நேத்து சாயந்தரம் சின்னவன் சோபாலேர்ந்து தவறி தொம்முன்னு விழுந்தான். முட்டி ரெண்டும் செராய்ப்பு. அழுவான், தூக்கலாம்னு ஓடுறேன். அழல. தரையோட தரையா குனிஞ்சு, வாய்க்கு ரெண்டு கையையும் வச்சிக்கிட்டு, "சாரி அங்கிள்"ங்குறான். கீழ அங்கிளே இல்லடா, அம்மா பொய் சொன்னேன்டாங்குறேன். உஷ்ஷுங்குறான் என்னைய. எதிரி கூட என் புள்ளைங்களுக்கு இதச் செஞ்சிருக்க மாட்டான்.

லிஃப்ட் வந்துருச்சா? இருங்கக்கா, ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டுப் பொண்ணுங்க ரெண்டும் காலையிலேர்ந்து ஓடுற சத்தம் செவுத்துல அப்படியே கேக்குது. ஏன் மொகம் மாறுது? நான் குத்தம் சொல்லலக்கா. சத்தியமா சொல்லல. கொஞ்ச நேரம் எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்களேன். எப்படி ஓடுறதுன்னு எங்க புள்ளைங்க பார்க்கட்டும். வாசல்ல செருப்பக் கழட்ட வேணாம்னு சொல்லி அனுப்புங்க.