எதிர்ப்பக்கம் எது

தருவைகுளம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்.

"ஏளா, எனக்கு எதிர்ப்பக்கம் எதுன்னே தெரியாமத்தான் இருந்திருக்கு."

"கணக்கு டீச்சர் பேசுத பேச்சா இது?"

"நெசமாத்தான். செங்கோண முக்கோணத்துல நட்டமா நிக்குத பக்கந்தான் எதிர்ப்பக்கம்னு எட்டு வருசமா சொல்லிக் கொடுத்திருக்கேன். கோணத்தை எப்பவும் கீழதான போடுவோம்? இந்தப் பரீட்சையில மேல போட்டிருந்தாங்க. ஒரு பிள்ளை மட்டும் அடிப்பக்கத்தை எதிர்ப்பக்கமா வச்சு டேன் மதிப்பு எழுதியிருந்தா. தப்புன்னு போட்டு, எல்லார் முன்னாலயும் அவளை எழுப்பி நிறுத்திட்டேன்."

"பொறவு?"

"வீட்ல புஸ்தகத்தைப் பாத்தா அவ எழுதுனதுதான் சரி. கோணம் மாறுனா எதிர்ப்பக்கமும் மாறும். மறுநாள் அவகிட்ட, 'நீ கவனிக்கியான்னு சோதிச்சேன்'னு சொல்லிட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"'சாரி டீச்சர்'னா. அதுலேருந்து மூணு நாளா ஸ்கூலுக்கு வரலை."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தோழி அவர் கையைப் பிடித்தார்.

"கிளாஸ்ல சொன்னியா?"

"இன்னைக்குச் சொல்லிட்டேன், நான்தான் தப்புன்னு. கேக்க வேண்டியவ மட்டும் அங்கன இல்ல. அதான் அவ வீட்டுக்கே போறேன்."

தருவைகுளம் ஸ்டாப்பில் பஸ் நின்றது. தோழியும் எழுந்தார்.

"நானும் கூட வாரேன்."

"வேண்டாம்ளா. நீ பக்கத்துல நின்னா மறுபடியும் பொய் சொல்லிருவேன்."

டீச்சர் தனியாக இறங்கிப் போனார்.