ஆமத்தூர் மைதானத்தின் பக்கக் கதவைப் பூட்டியது குறித்து

பெயர் க. தங்கத்தாய். வயது எழுபத்தாறு. கணவர் காலஞ்சென்ற கனகசபாபதி, அச்சகம் நடத்தியவர். முகவரி: பழைய அச்சகக் கட்டடம், சிவகாசி சாலை, ஆமத்தூர், விருதுநகர் மாவட்டம். கான்வென்டில் பள்ளி இறுதி வரை படித்தவர். விசாரித்தபோது அவர் கூறியதாவது:

நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். என் வீட்டின் பின்புறம் எனக்குச் சொந்தமான, சுற்றுச்சுவர் கட்டிய மைதானம் உள்ளது. ஆசியப் போட்டிக்குச் செல்லவிருக்கும் இந்தியப் பெண்கள் டச் ரக்பி அணிக்கான பயிற்சி முகாம் இந்த மாதம் முதல் அங்கே நடக்கிறது. பயிற்சியாளர் ஹரிபிரசாத் வந்து கேட்டபோது, பயிற்சி நேரத்தில் பெரிய கதவு பூட்டியிருக்க வேண்டும், சாவி என்னிடம் இருக்க வேண்டும் என்று சொல்லி இடம் கொடுத்தேன். என் வீட்டுப் பின்கட்டிலிருந்து மைதானத்துக்குப் போகும் பக்கக் கதவுக்கு அதுவரை தாழ்ப்பாள் மட்டும்தான் போடுவது.

இந்த ஆட்டத்தில் ஒருவரைப் பிடிப்பதோ கீழே தள்ளுவதோ கிடையாது. பந்து வைத்திருப்பவரை எதிரணிப் பெண் கையால் தொட்டால் போதும். தொடப்பட்டவர் அந்த இடத்திலேயே நின்று பந்தைத் தரையில் வைத்துவிட வேண்டும். தினமும் பார்த்துப் பழகியதால் இது எனக்குத் தெரியும்.

முகாமில் வெளிமாநிலப் பெண்களும் இந்தப் பக்கத்துப் பெண்களும் இருந்தார்கள். ஆமத்தூர் பாண்டிராஜ், சண்முகத்தாய் தம்பதியின் மகள் இசைவாணியும் ஒருத்தி. அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. ஆகவே அவள் தகப்பனார் கொடுத்த புகாரில் உள்ள 'சிறுமி' என்ற சொல் சரியல்ல. சண்முகத்தாய் என் மைதானத்துக்குக் கிழக்கே, ஓடைக்கு அப்பால் உள்ள பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். மைதானத்தில் நின்றால் அந்த ஆலையின் கூரைகள் தெரியும்.

கடந்த வியாழக்கிழமை காலை வழக்கம்போல் நான் கூடையை எடுத்துக்கொண்டு போனேன். பயிற்சி முடியும்வரை பெண்கள் எல்லோருடைய கைப்பேசியும் அந்தக் கூடையில் என் வீட்டில் இருக்க வேண்டும் என்பது பயிற்சியாளரின் விதி. ரோஜா என்ற பெண், "ஏட்டி, கேட்டு ஆச்சி வாராக, போனப் போடுங்கட்டி" என்றாள். கேட்டுச் சாவி என்னிடம் இருப்பதால் எனக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. நான் காதில் வாங்காதது போலக் கூடையை நீட்டினேன். அதன்பின் வீட்டுக்குள் வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கிழக்கே வெடிச் சத்தம் கேட்டது. ஜன்னல் கதவுகள் தாமாக அடித்துக்கொண்டன. காப்பி என் புடவையில் கொட்டியது. நான் பக்கக் கதவு வழியாகப் பார்த்தபோது ஆலைக்கு மேலே புகை எழும்பியிருந்தது. சரம் சரமாகச் சிறு வெடிகள் வெடித்துக்கொண்டே இருந்தன. வெளிமாநிலப் பெண்கள் என்ன சத்தம் என்று கேட்டார்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் யாரும் கேட்கவில்லை. அவர்களில் இருவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இசைவாணி பெரிய கதவுக்கு ஓடி, பூட்டைப் பிடித்து உலுக்கினாள். எங்கள் பகுதியில் சத்தம் கேட்டால் எல்லோரும் ஆலையை நோக்கித்தான் ஓடுவார்கள். ஓடியவர்கள் அடுத்த வெடியில் அகப்பட்டுக்கொள்வதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் ஓடுகிறார்கள். ஹரிபிரசாத் எல்லோரையும் நடுவில் வந்து உட்காரச் சொல்லிக் கத்தினார். தீயணைப்பு நிலையத்துக்குப் பேசியதும் அவர்தான்.

அதன்பின் என் வீட்டுக் கூடையிலிருந்த கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. ஒன்றில் 'அம்மா' என்று தமிழில் இருந்தது. கண்ணாடி விரிசல் விட்ட அந்தக் கைப்பேசி இசைவாணியுடையது என்று எனக்குத் தெரியும். எடுத்தேன்.

"இசை, இசை" என்று சண்முகத்தாயின் குரல் கேட்டது.

"நான் தங்கத்தாய் பேசுகிறேன்" என்றேன்.

"அம்மா, எம்மவ உள்ளதான இருக்கா?"

"இருக்கிறாள். நீ எங்கே இருக்கிறாய், சண்முகத்தாய்?"

"செவத்தோரம் கெடக்கேன்மா. காலு எந்திரிக்க மாட்டேங்கு. அம்மா, அவள வெளிய விட்றாதீக. மருந்து ரூமு இன்னும் வெடிக்கல. வந்தான்னா நேரா எங்கிட்டதான் வருவா. பூட்டிப் போடுங்கம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஆள் அனுப்புகிறேன் என்றேன். "யாரும் வர வேணாம்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. ஆனால் அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை. அவர் மூச்சுவிடுவதும், தூரத்தில் யாரோ தண்ணீர் தண்ணீர் என்று கேட்பதும் எனக்குக் கேட்டன. எனக்கும் துண்டிக்க மனம் வரவில்லை. கைப்பேசியை அப்படியே முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு, மறு கையில் பூட்டை எடுத்துக்கொண்டு பக்கக் கதவுக்குப் போனேன்.

அதற்குள் இசைவாணிக்குப் பக்கக் கதவின் நினைவு வந்துவிட்டது. ஹரிபிரசாத்தும் இரண்டு பெண்களும் குறுக்கே நின்றார்கள். இடப்பக்கம் போவது போல் காட்டி வலப்பக்கம் விலகி மூவரையும் தாண்டிவிட்டாள். நான் கதவைத் தாண்டி மைதானத்துக்குள் கால் வைத்தபோது அவள் எனக்கு நேரே வந்துகொண்டிருந்தாள். அவளைப் பிடித்து நிறுத்த எனக்குப் பலம் கிடையாது. பூட்டு இருந்த கையை நீட்டி அவள் தோளைத் தொட்டேன்.

அவள் நின்றுவிட்டாள். கையில் பந்து இல்லாமலே குனிந்தாள். உடம்பில் ஊறிய பழக்கம் என்று ஹரிபிரசாத் பிறகு சொன்னார். அவள் நிமிர்வதற்குள் நான் எனக்குப் பின்னால் கதவை இழுத்துப் பூட்டிவிட்டேன்.

"ஆச்சி, தொறங்க ஆச்சி. எங்கம்ம அங்கன இருக்கா" என்றாள். திறக்க மாட்டேன் என்றேன். "எங்கம்மட்ட இருந்து போன் வந்துச்சா?" என்று கேட்டாள்.

வரவில்லை என்றேன். தாய் உயிரோடு கிடப்பது தெரிந்தால் அவள் சுவரேறிக் குதித்துவிடுவாள் என்று பயந்து அப்படிச் சொன்னேன். சொல்லும்போது கைப்பேசி என் முந்தானைக்குள் இணைப்பில் இருந்தது. நாங்கள் பேசியது சண்முகத்தாய்க்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது.

அதன்பின் இரண்டாவது வெடி வெடித்தது. அது முதலில் என் கைக்குள் கேட்டது. ஒரு கணம் கழித்துத்தான் சுவருக்கு மேலிருந்து கேட்டது. மருந்து அறை இருந்த பக்கத்தில் கூரை எதுவும் தெரியவில்லை. கற்கள் மைதானம் வரை வந்து விழுந்தன. முந்தானைக்குள் சத்தம் எதுவும் இல்லை.

பிற்பகலில் சண்முகத்தாயின் உடலை எடுத்தார்கள். மாலையில் பாண்டிராஜ் என் வாசலில் நின்று, "இந்தியா டீமுக்கு ஆள் கொறஞ்சிரும்னு எம்மகளப் பூட்டி வச்சிட்டாக. பெத்தவ மொகத்தக் கடைசியாப் பாக்க விடாமப் பண்ணிட்டாகளே" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். மனைவியை இழந்து நின்ற மனிதரிடம் வாதாடாமல் நான் உள்ளே வந்துவிட்டேன். அந்தப் புகாரின் பேரில் இப்போது ஹரிபிரசாத்தை விசாரிப்பதாகவும், முகாமை மூடப்போவதாகவும் அறிந்ததால் இதைச் சொல்கிறேன். பக்கக் கதவைப் பூட்டியது நான். ஹரிபிரசாத் சொல்லிப் பூட்டவில்லை. அவளைப் பெற்ற தாய் சொல்லிப் பூட்டினேன்.

இசைவாணி அவளுடைய கைப்பேசியை இருமுறை கேட்டாள். குழப்பத்தில் எங்கோ விழுந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். அதை இப்போது ஒப்படைக்கிறேன். அழைப்பு வந்த நேரமும் பேசிய நேரமும் அதில் இருக்கும். விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம். நான் கேட்டுக்கொள்வது, அதை அவள் கையில் கொடுக்கும் முன் எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவளிடம் நானே சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

எழுதி முடித்ததும் வாக்குமூலத்தை உரக்கப் படித்துக் காட்டுவது முறை என்றார்கள். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இசைவாணி தன் தகப்பனாருடன் வெளியே பெஞ்சில் இருக்கிறாள். நடுவில் திரை மட்டும்தான். கண்ணாடி போட்டு நானே மனதுக்குள் படித்தேன். நடந்தது நடந்தபடியே இதில் உள்ளது.

(ஒப்பம்) க. தங்கத்தாய்

வாசித்துக் காட்டப்படவில்லை. சாட்சி தாமே படித்துப் பார்த்து என் முன்னிலையில் ஒப்பமிட்டார்.

காவல் ஆய்வாளர்