திட்டு வாங்கத் தெரிந்தவர்

ஹாரன் அண்ணன் எத்தனை உயிரைக் காப்பாற்றினார்? இந்த அஞ்சலிக் கூட்டத்தின் வாசலில் ஒருவர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது. அவர் எழுப்பியவர்களில் பலர் வெறுமனே தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

மேடையில் வீற்றிருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, ஓட்டுநர் தோழர்களே, அண்ணனின் துணைவியாரே, மகளே, உங்கள் அனைவரையும் வணங்கி, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பணிமனைக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவள் நான். அளந்து கொடுத்தே பழகியவள். புகழுரையையும் அளந்துதான் தருவேன்.

இது ஒரு நல்ல மனத்தில் தொடங்கிய கதை. கடைசி நிறுத்தத்தில், பேருந்தின் பின்னிருக்கையில் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். 'பாவம், அசதி. தூங்கட்டும்' என்று ஓட்டுநர் தேநீர் குடிக்கப் போனார். திரும்பியபோது குறட்டை நின்றிருந்தது. மூச்சும் நின்றிருந்தது. அபின் வகை வலிமாத்திரை அளவு மீறியிருந்தது. அந்த ஓட்டுநர் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

சங்கச் செயலாளரான அண்ணன் என் கடைக்கு வந்தார். அவர் பேசினால் அலமாரியில் புட்டிகள் அதிரும்; ஹாரன் என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. அன்று தாழ்ந்த குரலில் கேட்டார்: "மேடம், தூங்குறவனுக்கும் சாகுறவனுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுங்க. எங்க ஆளுங்க எல்லாருக்கும்."

ஓய்வறையில் வகுப்பு நடந்தது. அபின் வகை மருந்தை முறித்து மூச்சை மீட்கும் நலோக்சோனை, மூக்கில் அடிக்கும் புட்டியில், மேசைமேல் வைத்தேன். அவர் நல்ல மாணவரா? இல்லை. கொரகொரவென்ற குறட்டை, மூச்சுக்கும் மூச்சுக்கும் நீளும் இடைவெளி, சாம்பல் பூத்த உதடு, ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி என்று நான் அடையாளம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டார்.

"என் குறட்டை இதைவிடக் கேவலம்னு வீட்ல சொல்றா. எனக்கும் மூக்குல அடிச்சிருவீங்களா?"

"முதல்ல கத்திக் கூப்பிடுவேன். அப்புறம் விரல் முட்டியால நெஞ்செலும்புல அழுத்தித் தேய்ப்பேன். எழுந்து திட்டினா விட்டுருவேன்."

"திட்டலைன்னா?"

"ஆம்புலன்சைக் கூப்பிட்டு, மருந்தை அடிச்சு, வாயில மூச்சு குடுப்பேன்."

"அப்ப திட்டு வாங்கினா பாஸ்!"

ஓய்வறையே சிரித்தது. அன்றிலிருந்து அதுவே இந்தப் பணிமனையின் சட்டம். ஒவ்வொரு பேருந்திலும் நலோக்சோன் வைத்த ஒரு மருந்துப் பெட்டியை அண்ணன் பொருத்தவைத்தார்.

அலுவலக உடையில், மடியில் கைப்பையோடு ஒரு பெண் பின்னிருக்கையில் சாய்ந்திருந்த நாளை உங்களில் சிலர் கண்ணால் பார்த்தீர்கள். அண்ணன் கத்தினார், தேய்த்தார். அசைவில்லை. மூக்கில் நலோக்சோன் அடித்தார். மூச்சு கொடுத்தார். சில நிமிடம் பொறுத்து மறுபடி அடித்தார். அந்தப் பெண் கண் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை நன்றியா?

"யார்யா நீ? என் பையில கைய விட்டியா?"

"இல்லம்மா. மூக்குல மருந்துதான் விட்டேன்."

அவள் எழுந்து போகப் பார்த்தாள். அவர் விடவில்லை. "இந்த மருந்து சீக்கிரம் எறங்கிடும்மா, நீ போட்டது எறங்காது. மறுபடி மூச்சு நின்னா நடுரோட்ல யாரு பாப்பா? உக்காந்து திட்டு, கேக்கறேன்." ஆம்புலன்ஸ் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பேருந்து தாமதமானதற்கு நிர்வாகம் விளக்கம் கேட்டது. அவர் ஒரு வரி எழுதினார்: 'தாமதத்துக்குக் காரணம், பயணி மூச்சு விடத் தொடங்கினார்.'

போன வாரம் அவருடைய இதயம் நின்றது. அதே வாரத்தில் நிர்வாகத்தின் ஆணை வந்தது. ஓட்டுநரின் வேலை ஓட்டுவது. நாளை காலை பேருந்துகளிலிருந்து மருந்துப் பெட்டிகள் கழற்றப்படும். பெட்டி இருந்தால் போதைக்காரர்கள் வருவார்களாம். தீயணைப்பான் இருப்பதாலா பேருந்து தீப்பிடிக்கிறது? ஓட்டுநர் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்றும் கேட்கிறார்கள். அபின் வகை மருந்து உடலில் இல்லாத ஒருவருக்கு அடித்தால் நலோக்சோன் ஒரு கெடுதலும் செய்யாது. தூங்குபவரைத் தவறாக எழுப்பினால் திட்டு விழும். சாகிறவரைத் தவறாகத் தூங்கவிட்டால்? அதற்கு விளக்கம் எழுத யாரிடம் ஒரு வரி இருக்கிறது?

மேலாளர் அவர்களே, நீங்கள் வந்து அஞ்சலி செலுத்தியதற்கு நன்றி. பெட்டியை நீங்கள் கழற்றலாம். இவர்கள் கற்றதை எந்தத் திருப்புளியால் கழற்றுவீர்கள்? வகுப்பு தொடரும். ஓய்வறையைப் பூட்டினால் என் கடை திறந்திருக்கும். எழுப்புவோம், திட்டு வாங்குவோம், மறுபடியும் எழுப்புவோம். அண்ணனுக்கு நாங்கள் தரும் வாக்கு இவ்வளவுதான். போய் வாருங்கள் அண்ணா.

*

உரையை அச்சுக்குத் தரும்போது சேர்த்தது: மறுநாள் காலை நிர்வாகத்தின் ஆள் திருப்புளியோடு வந்து எல்லாப் பெட்டிகளையும் கழற்றினார். எல்லாம் காலியாக இருந்தன. ஓட்டுநர்களின் சட்டைப்பைகள் புடைத்திருந்தன. அவர் பார்த்துவிட்டு, காலிப் பெட்டிகளை எண்ணி எடுத்துக்கொண்டு போனார். மதியம் கடைசி நிறுத்தத்தில் ஒருவர் பின்னிருக்கையில் குறட்டை விட்டார். ஓட்டுநர் தேநீருக்குப் போகாமல் பின்னால் போய் எழுப்பினார். வெறும் தூக்கம்தான். அந்த மனிதர் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.