மூன்றாம் தொட்டி ஜோடி

மனைவி: மறுபடியும் கடிச்சுட்டா!

கணவன்: யாரு, யாரை?

மனைவி: மூணாம் தொட்டிக்காரி... அவ புருஷனோட வாலை.

கணவன்: குடும்பச் சண்டை. நாம நடுவுல போகக் கூடாது.

மனைவி: ஆய்வகத்துல தொட்டி பாத்துக்கற ஆள் பேசற பேச்சா இது? மழைக்காலம் முழுக்க ஒரே கல்லுக்கடியில பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுக் கிடந்த சாலமாண்டருங்க. கொஞ்ச நாள் பிரிச்சு வச்சோம், அதுக்குள்ள...

கணவன்: ஆளே தெரியலையாமா?

மனைவி: அவன் படுத்திருந்த ஈரக் காகிதத்தை ஒரு பக்கம் வச்சேன். எவனோ ஒருத்தனோடதை இன்னொரு பக்கம். மூக்கால தட்டித் தட்டி மோந்தா. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்னு திரும்பிட்டா.

கணவன்: மத்த தொட்டியில?

மனைவி: எல்லாம் கச்சிதமா சொந்தப் புருஷன் காகிதத்துல போய் உக்காந்துச்சு. ஆனா நாளைக்குப் பேராசிரியர் பாக்க வர்றது இந்த ஜோடியை. துணையை வாசனையாலயே கண்டுபிடிக்கும்னு நான் எழுதினதே இதுங்களை நம்பித்தான். சொதப்பினா, ஆராய்ச்சியை மூட்டை கட்டுன்னுடுவார். எனக்கு பயமா இருக்குங்க.

கணவன்: கண்ணால பாத்துக்கூடவா தெரியாது?

மனைவி: இருட்டுல, மண்ணுக்குள்ள வாழற ஜீவன். கண்ணை வச்சு என்ன பண்ணும்?

கணவன்: கண்ணு இருக்கற நமக்கே தெரியல... எல்லாம் ஒரே செவப்பு முதுகு.

மனைவி: ஏன் திருதிருன்னு முழிக்கறீங்க?

கணவன்: ஒண்ணுமில்ல.

மனைவி: ஏங்க...

கணவன்: திட்ட மாட்டியே?

மனைவி: முதல்ல சொல்லுங்க.

கணவன்: நீ உங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப... தண்ணி தெளிக்க மறந்துட்டேன். அவன் தோல் காஞ்சு செத்துப் போயிட்டான். பக்கத்து அறையிலேருந்து அதே அளவுல ஒருத்தனைக் கொண்டாந்து வச்சேன்.

மனைவி: அப்ப இவன் வேற ஒருத்தனா?

கணவன்: இப்படி யோசிச்சுப் பாரு. அவ மூக்கு தப்பே பண்ணல! நீ யாருடான்னு கடிச்சிருக்கா. நீ எழுதினது அப்படியே சரி. பேராசிரியர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன், பழி என்மேல இருக்கட்டும்.

மனைவி: வேண்டாம்.

கணவன்: ஏன்? பாவம், அவ அந்தப் பழைய புருஷனைத்தானே தேடியிருக்கா...

மனைவி: தேடலைங்க. ஊருக்குக் கிளம்பற அவசரத்துல அவ பெட்டி மூடியைச் சரியா மூடாம விட்டுட்டேன்... திரும்பி வந்து பாத்தா, அவ ஓடிட்டா. இவ நான் கொண்டாந்து வச்சவ.