பழனியாண்டிக்கு வராத பாஸ்

வெள்ளிக்கிழமைகளில் நான் யாரோடும் கோபப்படுவதில்லை. அன்று பிள்ளையாருக்கு மோதகம் படைக்கும் நாள். பழனியாண்டியும் சாப்பிட வருவான்.

துணுக்காயில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு அவன்தான் முன்கள வீரன். நடுக்களத்தில் நான். "பாஸ் தாங்கோ, பரமண்ணை!" என்று கத்திக்கொண்டே ஓடுவான். நான் தட்டிவிட்டால் கோல்தான். "பரமர் குடுப்பார், பழனி அடிப்பான்" என்று சனம் சிரிக்கும். மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் வயலில் வேலை செய்கிற குடும்பம் அவனுடையது. அதற்காக நான் ஒருநாளும் வேற்றுமை காட்டியதில்லை. அவனுடைய முதல் பூட்ஸ் நான் கொடுத்தது. சிறு உதவிகளால்தான் உலகம் நிற்கிறது.

தொண்ணூற்றேழில் கொழும்புக் கழகமொன்று அவனைச் சம்பளத்துக்கு விளையாட அழைத்தது. போர்க்காலம்; ஓமந்தையைத் தாண்ட வேறு விதமான பாஸ் வேண்டும், இயக்கம் தரும் அனுமதிச் சீட்டு. அவன் திரும்பி வருவான் என்று ஒருவர் பிணை நிற்கவும் வேண்டும். அவனுக்காக யார் நிற்பார்கள்? நான் நின்றேன். அதனால் பாஸ் என் கைக்கே வந்தது.

அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். அதுவரை இருக்கட்டும் என்று சாமி அலுமாரிக்குள் வைத்தேன். அன்று அவன் மூன்று கோல் அடித்தான். சனம் அவனைத் தோளில் தூக்கி ஆடியது. அவ்வளவு சந்தோஷத்தை எப்படி அனுப்பிவிடுவது? கொழும்பில் அவனுக்கு யார் மோதகம் கொடுப்பார்கள்?

அடுத்த வருடம் இன்னொரு கழகம் கேட்டது. அதற்கடுத்த வருடம் மற்றொன்று. இரண்டு முறையும் நானே பிணை நின்றேன். இரண்டு பாஸும் வந்தன. முதலாவதன்மேல் கசங்காமல் வைத்தேன்.

ஒருநாள் என் மனைவி கமலாசனி கண்டுவிட்டாள்.

"இது அந்தப் பெடியன்ரை பாஸெல்லோ?"

"ஓம். பத்திரமாய் இருக்கட்டும்."

அதன்பிறகு மோதகம் அவிப்பது நான்தான்.

போன வெள்ளியும் பழனியாண்டி வந்தான்.

"பரமண்ணை, பாஸ் வந்ததோ?"

"இன்னும் இல்லையடா தம்பி."

"பந்தெண்டால் பிந்தாமல் தருவியள்" என்று சிரித்தான். பிறகு முழங்காலைத் தடவினான். "இது இப்ப சொல்வழி கேக்குதில்லை அண்ணை. இந்த வருசமும் வராட்டி, இனி வந்தும் என்ன?"

எனக்குக் கண் கலங்கியது. இரண்டு மோதகம் கூடுதலாக வைத்தேன். அவன் போனதும் சாமி அலுமாரியைத் திறந்து, கற்பூரம் கொளுத்தி, அவனுக்குப் பாஸ் கிடைக்கவேண்டுமென்று தேங்காய் உடைத்தேன்.

மூன்று வருடமாக இப்படித்தான் வேண்டுகிறேன். பிள்ளையார் ஏன் இன்னும் மனம் இரங்கவில்லை என்றுதான் எனக்கு விளங்கவில்லை.